உன் பாம்பு உன்னை நம்புகிறதா?

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ வளர்க்கிற பால் பைத்தானைப் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை) பற்றி, "இதுக்கு என்மேல பாசம் இருக்குமாம்மா?" என்று போனில் கேட்டாய். உன் அப்பா பக்கத்திலிருந்து போட்ட சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை காலம் விலங்கியல் நடத்தியவள், பெற்ற பிள்ளைக்கு அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயம், பாலூற்றி வளர்த்தாலும் பாம்பு கொத்தத்தான் செய்யும் என்று உன் சித்தி சொல்வதையும் ஏற்க மாட்டேன். பாம்பு பாலைத் தேடிக் குடிக்கிற பிராணியே இல்லை. ஆனால் அதற்குப் பயம் தெளியும். தன்னைத் தூக்குகிற கை தன்னைத் தின்ன வந்ததல்ல என்று பழகிப் பழகித் தெரிந்துகொள்ளும். அதை நம்பிக்கை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. சின்ன உயிர், ஒளிந்தே பிழைக்கிற உயிர், அது பயத்தை விடுவதே பெரிய விஷயம்.

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "எவ்வளவு சமத்தா இருக்கு பாருங்கம்மா" என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கண்ணா. தலையை உடம்புக்குள் செருகிக்கொண்டு உருண்டையாகக் கிடக்கிறது. நாக்கு ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. பால் பைத்தான் பயந்தால் செய்வது இதுதான். பயமில்லாதபோது உடம்பு தளர்ந்திருக்கும், நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஊர்ந்து போகும். அந்த நாக்கு எடுத்து வரும் வாசனையை மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு பிரித்தறிகிறது. அதனால் உன் முகத்தைவிட உன் வாசனைதான் அதற்கு அடையாளமாக இருக்க முடியும். எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விடாதே. உதட்டோரக் குழிகளால் அது சூட்டை உணரும். எலி வாசனையும் உன் கைச்சூடும் சேர்ந்தால் இரை என்றுதான் பாயும். அப்படிக் கடித்துவிட்டால் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதே.

கனடாவில் நீ இருக்கும் வாட்டர்லூவிலேயே, வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்தில், மார்கன் ஸ்கின்னர், நோம் மில்லர் என்ற இருவர் கார்ட்டர் பாம்பு (garter snake) என்ற வட அமெரிக்கப் பாம்பின் குட்டிகளை ஆராய்ந்து 2020-இல் எழுதினார்கள். ஒன்றாக விட்ட குட்டிகளை இடம் மாற்றிக் கலைத்துவிட்டாலும், அவை பழைய கூட்டாளிகளோடுதான் மறுபடி போய்ச் சேர்ந்தன. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! பாம்புக்கு உறவே தெரியாது என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது பாம்புக்கும் பாம்புக்கும் உள்ள விஷயம். அதை வைத்து மனிதரோடு நட்பு என்று பேச எனக்கு மனமில்லை.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உடம்பு ஒட்டினாற்போல் அடங்கும் ஒரு மறைவிடம் வை. இரை விழுங்கியபின் இரண்டு நாள் தொடாதே. முதலில் தூக்கவே வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு, கையை அசைக்காமல் வாசலில் வைத்திரு. வந்தால் வரட்டும், வராவிட்டால் கதவைச் சாத்திவிடு. தோளில் போட்டுக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டுவதை இப்போதைக்கு நிறுத்து.

அப்புறம், அது பண்ணையில் பிறந்ததா, ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்ததா என்று விற்றவரிடம் கேள். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இவை ஏராளமாக ஏற்றுமதியாகின்றன. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டிகள் நம் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. காட்டில் பிடித்ததென்றால் பயம் தெளிய இன்னும் நாளாகும், ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டிவிடு.

நன்றாகக் கவனித்தால் இருபது, முப்பது வருஷம்கூட இருக்கும். நீ ஊருக்கு வரும்போது யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தக் குளிரில் கரண்ட் போனால் பெட்டியின் சூட்டுக்கு என்ன ஏற்பாடு? இரண்டுக்கும் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா