கூண்டில் ஏறிய கதை

வேலூர்,
சித்திரை வெயில்

அன்புள்ள மல்லி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். அம்மா சௌக்கியம், முழங்கால் வலி மட்டும் அப்படியே. தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சத்துவாச்சாரி கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினேன்டி. நம் சாந்தியின் ஊறுகாய் பாட்டிலுக்காக விளையாட்டாக நடந்த 'வழக்கு'க்குப் பிறகு எனக்கு இது இரண்டாவது. ஆள் யார், என்ன வழக்கு என்று குடையாதே, சொல்ல மாட்டேன்.

குற்றம் சாட்டப்பட்ட அந்த ஆளுக்கு மனநோய் நிஜமா, நடிப்பா என்று முன்பே சோதித்தவள் நான்; அதற்குத்தான் சாட்சி. சோதனையில் "மாட்டுக்கு எத்தனை கால்?" என்று கேட்டேன். "அஞ்சு." "ஒரு கையில எத்தனை விரல்?" "ஆறு." தப்புதான், ஆனால் சரியான விடைக்குப் பக்கத்து வீட்டுத் தப்பு. கைதிகளிடம் இதே மாதிரி பதில்களைப் பார்த்து கான்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1898-லேயே எழுதிவிட்டார். அடுத்து 50 படங்களைக் காட்டினேன். பிறகு ஒவ்வொன்றையும் புதுப் படம் ஒன்றோடு வைத்து, "முன்னாடி பார்த்தது எது?" என்று கேட்பது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 25 வாக்கில் தேறும். இவர் எடுத்தது 13. சரியான படம் தெரிந்தவரால்தான் அதை அத்தனை தடவை தவிர்க்க முடியும்.

நடிப்பு என்று எழுதிப் பேனாவை மூடியிருப்பேன். எழுந்து போகும்போது மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை முகர்ந்தார். மெதுவாக, என் பக்கம் திரும்பாமல், "இதுலயும் போட்டுட்டாங்க" என்றார். அதை எனக்காகச் சொல்லவில்லை. பிறகு வீட்டார் கொண்டுவந்த பழைய ஓ.பி. சீட்டிலும் அதே விஷச் சந்தேகம், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியில். நோய் நிஜம்டி. பைத்தியம் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று எவரோ சொல்லிக்கொடுத்ததுதான் அந்த அஞ்சு காலும் ஆறு விரலும்.

வக்கீல் எழுந்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க சார், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். எம்.ஃபில். ரெண்டு வருஷம், ஆர்.சி.ஐ.-ல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு இருக்கு."

"அப்ப டாக்டர் இல்ல. சரி, நடிக்கிறாரா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ரெண்டும்" என்றேன். கோர்ட்டே சிரித்தது. அந்த இரண்டு வருடத்தில் கூண்டில் எப்படி நிற்பது என்று நமக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

சிரிப்பு போகட்டும். பழைய இ.பி.கோ. 84, இப்போதைய பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 22, இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: அந்தக் காரியத்தைச் செய்த நேரத்தில், மனக்கோளாறால், என்ன செய்கிறோம் என்றோ அது தப்பு என்றோ தெரியாத நிலையில் இருந்தாரா? நான் அவரைப் பார்த்ததே எட்டு மாதம் கழித்து, மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு. 'அந்த நேரத்து மனநிலையை இச்சோதனைகளைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது' என்று அறிக்கையை முடித்தேன். அதை நிரூபிக்கிற பொறுப்போ அவர் தலையில். நான் நேர்மையாக எழுதிய வரிக்கு விலை கொடுக்கப்போவது அவர்.

நீயாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாயா? ஆறுதல் வேண்டாம், பதில் எழுது. ஆடியில் வந்தால் முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன். ஊறுகாய் சாந்தி கொண்டுவரட்டும், கடன் பாக்கி இருக்கிறது.

உன்
கலா