காலேஜ் கணக்குக்கு ஃபேக்டரி பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யுனிவர்சிட்டியில வேலை பாக்குற மேனேஜ்மென்ட் அக்கவுன்டன்ட்டுங்களும் (எதுக்கு எவ்வளவு செலவாகுதுன்னு கணக்குப் போட்டு நிர்வாகத்துக்குச் சொல்றவங்க) தங்களோட தொழில் அமைப்புல மெம்பர்ஷிப் கையை விட்டுப் போகாம இருக்க ட்ரெய்னிங் போறாங்க, ஆனா அங்க பாதி நேரம் ஃபேக்டரி உதாரணம்தான், ஸ்டாக்கு, மெஷின் ஓடுற நேரம்னு. 1980கள்ல கூப்பர், கப்லான்னு ரெண்டு அக்கவுன்டிங் புரொஃபசருங்க பிரபலமாக்குன ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங்கும் (எந்த வேலைக்கு எவ்வளவு செலவுன்னு பிரிச்சுப் போடற முறை) ஃபேக்டரியில இருந்து வந்ததுதான், தப்பில்ல, ஆனா ஒரே புரொஃபசர் காலையில கிளாஸ் எடுத்து மதியம் ரிசர்ச் பண்ணி நடுவுல அட்மிஷன் கமிட்டியிலயும் உக்காந்தா அவரு சம்பளத்த எதுல எவ்வளவு போடறது? ரிசர்ச் கிராண்ட் வந்தா டீனுக்கு ஒரே சந்தோஷம், லேப், லைப்ரரி, கரன்ட் செலவையெல்லாம் அந்த கிராண்ட் முழுசா தாங்குதா இல்ல ஃபீஸ் பணம் தாங்குதான்னு கேக்க வேண்டியது இந்த அக்கவுன்டன்ட்டுங்கதான். அதை டீனுக்குப் புரியுற மாதிரி சொல்லவும் பழக்கணும் (எக்செல் ஷீட்டை மெயில்ல தட்டிவிட்டா யாரு திறந்து பாக்குறா?). ட்ரெய்னிங் நடத்துறவங்க இந்த மாதிரி கேஸ வச்சு நடத்துங்க, நிர்வாகமும் அதுக்கு லீவும் பணமும் குடுக்கட்டும்.

- ஒரு வாசகர்