மசூலாப் படகு பின்தங்கிய படகு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் துறைமுகம் குறித்த தங்கள் தொடரை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். ஆனால் சென்ற இதழில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச்சென்ற மசூலாப் படகுகள் ஆணி அடிக்கத் தெரியாதவர்கள் கயிற்றால் கட்டியவை என்ற தொனியில் ஒரே வரியில் கடந்து சென்றிருப்பது சரியன்று.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற இக்கரை, ஒதுங்க இடமில்லாத திறந்த கடலோரம். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் அடுத்தடுத்து மடிந்து விழும் அலைகளைத் தாண்டியே கரை சேர வேண்டியிருந்தது. ஆணி அறைந்து விறைப்பாகக் கட்டிய கப்பற்படகு அந்த அலையில் தரைதட்டினால் பிளந்துபோகும். மசூலாவிலோ பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா மரமே கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, மூட்டின் மேல் நாரோ வைக்கோலோ வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுகத் தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது படகே வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். தையலில் நீர் கசியும்தான்; அதை இறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆணியை அறியாத கரையும் அன்று இது: கோதாவரிக் கழிமுகத்து நரசாப்பூரில் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆணி அறைந்த பெருங்கப்பல்கள் கட்டப்பட்டன. ஆழ்கடலுக்கு ஒரு முறை, அலைவாய்க்கரைக்கு வேறொரு முறை என்று தெரிந்தே தேர்ந்திருக்கிறார்கள்.

படகைப் போலவே அதைச் செலுத்தியவர்களும் கட்டுரையில் இடம்பெறவில்லை. நீண்ட துடுப்பால் திசை திருப்பும் தண்டல், பின்னால் எழும் அலையைப் பார்த்துக் குரல் கொடுக்கும் கணத்தில் அனைவரும் ஒருசேரத் தண்டு வலிக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். கவிழ்ந்தால் மீட்பதற்கெனக் கட்டுமரங்கள் உடன் சென்றன. மசூலாவே இறங்க முடியாத நாட்களில், கப்பலுக்குரிய கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுசென்றவர்களும் கட்டுமரக்காரர்களே.

1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புத் துறைமேடை அமைந்தது. 1875-இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881-இல் புயல் அலைதடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது. இவற்றையெல்லாம் விரிவாக எழுதிய கட்டுரையாளர், அதற்கு முந்தைய இரு நூற்றாண்டு வணிகமும் எவர் தோள்வலியால் நடந்தது என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். தொடர் நூலாக்கம் பெறுமானால், அந்த ஒரு வரியை நீக்கி, தைத்த படகின் கட்டுமானத்தைப் படத்துடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை.