வெட்டுவதற்கு முன் கழுத்து நெறிகளைப் பாருங்கள்

கிழக்கு மாகாணத்தில் சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். தைரொயிட் (கழுத்துச் சுரப்பி) புற்றுநோய்க்கு வெட்டுவதற்கு முன் எங்கள் பிள்ளையின் கழுத்து நெறிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களை, ஸ்கேனில் பார்த்ததாக ஒரு பதிவும் இல்லை என்ற எங்கள் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. "உரிய நடைமுறை பின்பற்றப்பட்டுள்ளது." ஒரே ஒரு வரி. விசயம் முழுக்க உங்கள் கோப்பில் இருப்பதால் முதலிலிருந்து சொல்ல வரவில்லை. அந்த நடைமுறை என்ன என்றுதான் கேட்க வருகிறேன்.

என் தங்கச்சியின் மகன், நெல்லாலையில் மூட்டை தூக்கினவன். தைரொயிட் கட்டிக்கு முதல் சத்திரசிகிச்சை செய்வதற்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கை என்னிடம் இருக்கிறது. கட்டி இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல், வலப்பக்கம், மேல் நுனியில் என்று எழுதியிருக்கிறது. கழுத்தின் பக்கவாட்டு நெறிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நெறிகள் நன்றாக இருந்தன என்றும் இல்லை, பார்க்கவில்லை என்றும் இல்லை. வெட்டி, தையல் ஆறி, வேலைக்கும் திரும்பிவிட்டான். பிறகு ஒருநாள் முகம் மழிக்கும்போது கழுத்தோரம் பயறு மணிபோல ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதற்காக மறுபடியும் கழுத்தைத் திறந்தார்கள், இந்தத் தடவை காதடி வரைக்கும்.

புற்றுநோய் நெறிக்குப் பரவியதற்கு நாங்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு வந்த பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் கழுத்து நெறிக்குப் போவது சாதாரணம். ஆனால் யாருக்குப் போகும் வாய்ப்புக் கூட என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விசயம்: ஆண், இளவயது, கட்டி ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டியிருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருப்பது, சுரப்பியின் உறையைக் கிழித்து வெளியே வருவது. மேல் நுனியில் இருக்கும் கட்டி நடுக்கழுத்து நெறிகளைத் தொடாமலே பக்கவாட்டு நெறிக்குத் தாவுவதும் உண்டு. எங்கள் பிள்ளை ஆண், இளைஞன், கட்டி பெரியது, இருந்தது மேல் நுனியில். இதற்கு மேலும் என்ன அடையாளம் வேண்டும், நெற்றியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டுமா?

அமெரிக்கத் தைரொயிட் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், புற்றுநோய் என்றோ சந்தேகம் என்றோ சத்திரசிகிச்சைக்குப் போகும் எல்லோருக்கும் முன்கூட்டியே கழுத்து நெறிகளை ஸ்கேனில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். கட்டியைப் பார்த்த அதே ஸ்கேனைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் சரி. நெறி உருண்டிருக்கிறதா, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமென்றால் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதிக்கலாம். சுரப்பிக்குப் பின்னால் மறைந்திருக்கும் நெறிகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது தெரியக்கூடிய பக்கவாட்டு நெறிகளை. வெட்டுவதற்கு முன் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள்.

இரண்டாம் தடவைக்குப் பிறகு அவனுக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாருவது இடக்கையால். மூட்டை தூக்கினவனை முதலாளி இரக்கப்பட்டு மூட்டை வாய் தைக்க உட்கார வைத்திருக்கிறார், கூலி பாதி. நெறி எடுக்கும்போது தோள் நரம்பு பாதிக்கப்படுவது முதல் தடவையிலேயே எடுத்திருந்தாலும் நடந்திருக்கலாம் என்று சொல்வீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது மயக்க மருந்து, இரண்டாவது தடவை வேலை இல்லாத மாதங்கள், தங்கச்சியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது, இதெல்லாம் எந்த நடைமுறையில் வருகிறது?

"இது நல்ல புற்றுநோய்தானே, பயப்பட வேண்டாம்" என்று வாட்டில் சொன்னார்கள். 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நெறியில் பரவினாலும் முதலாம் நிலை என்றே கணக்கு. பெரும்பாலானோர் நன்றாக வாழ்கிறார்கள். உண்மைதான், நன்றி. அந்த நல்ல புற்றுநோயை ஒருமுறை வாங்கிப் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்ல வேண்டும். ஊரில் வேறு, மரவள்ளிக் கிழங்கு தின்றதால் வந்தது என்று ஒரு கதை, போன் கோபுரத்தால் வந்தது என்று இன்னொரு கதை. அவர்களை நான் திட்டமாட்டேன். உரிய இடத்திலிருந்து விளக்கம் வராவிட்டால் வேலியோரம்தான் விளக்கம் பிறக்கும். கட்டடம் திறக்கும் நாளில் பெயர்ப்பலகைக்குக் குறைவில்லை. உள்ளே ஸ்கேன் எடுக்கத் திகதி கேட்டால் மட்டும் அடுத்த வெள்ளாமை வெட்டுக்குப் பிறகு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், இருப்பவர்கள் எவ்வளவு பாரம் சுமக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதவில்லை. யாரையும் தண்டிக்கவும் கேட்கவில்லை. தைரொயிட் புற்றுநோய் என்றோ சந்தேகம் என்றோ அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் வெட்டுவதற்கு முன் இரு பக்கக் கழுத்து நெறிகளும் ஸ்கேனில் பார்க்கப்பட வேண்டும். முடிவு கிளினிக் கொப்பியில் எழுதப்பட வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்றாவது. இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து அனுப்பி, அதன் பிரதியொன்றை எங்களுக்கும் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பிலுவிலிலிருந்து ஒரு தாய்மாமன்