கணினி வீட்டுப்பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளை திரை முழுக்க அடைப்புக்குறியும் மேற்கோள்குறியுமாக எதையோ வைத்துக்கொண்டு "இதுதான் வீட்டுப்பாடம்" என்கிறான், நிஜமா என்று சிலர் கேட்டீர்கள். நிஜம்தான். பிஎச்பி என்ற நிரல் மொழியில், ஒரு மாறிக்குள் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) இருப்பதை மறுபடி ஓட்டக்கூடிய நிரலாகவே எழுதித் தரும் வர்_எக்ஸ்போர்ட் (var_export) என்ற செயற்கூறைப் (ஒரு வேலையைச் செய்து தரும் ஆயத்தக் கட்டளை) பழகுகிறார்கள்.

நானும் ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வருகைப் பதிவை ஓர் அணியில், அதாவது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் பட்டியலில், வைத்திருந்தார்கள். வந்தவருக்கு ட்ரூ (ஆம்), வராதவருக்கு ஃபால்ஸ் (இல்லை). முதலில், மதிப்புகளைத் திரையில் காட்டும் பிரின்ட்_ஆர் (print_r) என்ற இன்னொரு செயற்கூறைப் போட்டார்கள். வந்தவர்களுக்கு 1 என்று வந்தது, வராதவர்களுக்கு எதிரே வெற்றிடம். '007' என்ற பதிவெண் மேற்கோள்குறியை இழந்து நின்றது. கண்ணால் பார்க்க அது போதும்; வெட்டி நிரலில் ஒட்டினால் பிழைதான். வர்_எக்ஸ்போர்ட்டில் ஃபால்ஸ் ஃபால்ஸாகவே வந்தது, '007' மேற்கோள்குறிக்குள்ளேயே இருந்தது. முன்னால் ரிட்டர்ன் (மதிப்பைத் திருப்பித் தரும் சொல்), கடைசியில் அரைப்புள்ளி வைத்து பிஎச்பி கோப்பாகச் சேமித்தார்கள். இன்னொரு நிரலில் அதை இன்க்ளூட் செய்ததும், அதாவது உள்ளே சேர்த்து ஓட்டியதும், பட்டியல் அப்படியே திரும்பி வந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

வீட்டில் "பட்டியல் திரையில் ஓடுகிறது, கோப்பில் மட்டும் ஒன்றுமில்லை" என்று பிள்ளை தலையைச் சொறிந்தால், வர்_எக்ஸ்போர்ட்டுக்கு இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தாயா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் அந்தச் செயற்கூறு எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டினார்கள்.

அப்புறம் ஒரு கண்டிப்பான விஷயம். இப்படிச் சேமித்த கோப்பு வெறும் தகவல் அல்ல, நிரல். இன்க்ளூட் செய்தால் உள்ளே இருப்பது ஓடிவிடும். நண்பன் அனுப்பிய கோப்பானாலும் திறந்து படித்துப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், நீங்களும் சொல்லுங்கள். பயிற்சிக்கு வீட்டு ஃபோன் எண், உண்மையான முகவரி எதுவும் வேண்டாம், கற்பனைப் பெயர்களே போதும்.

வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைப் பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள். அச்சிட்ட தாள் வேண்டாம். ஆசிரியர் அதை ஓட்டிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்