வேங்கை மரத்தடியில நம்ம பிள்ளைங்க ஆடினதுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை நாடகம் முடிஞ்சதும் மேடையில ஏறி நன்றி சொல்லணும்னு ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தேன், ஆனா கடைசிப் பாட்டு முடிஞ்சு பிள்ளைங்க கோத்த கைய விடாம அப்படியே நின்னப்ப எனக்கு தொண்டை அடைச்சுருச்சு, மைக்க வாங்கி "எல்லாரும் சாப்பிட்டுப் போங்க"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. அதனால இத எழுதுறேன். நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை எஸ்டேட் பிள்ளைங்க படிக்கிற தமிழ் மீடியம் ஸ்கூல் நம்மது. 1956ல மாநிலம் பிரிச்சப்ப பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோட நின்னுச்சு, அதுக்கு ரொம்ப முன்னாடியே கொழுந்து கிள்ள மலையேறி வந்த குடும்பங்களோட பேரன் பேத்திங்கதான் எங்க பிள்ளைங்க. இங்க ஸ்கூல் கலோத்ஸவம்னு பிள்ளைங்களுக்கான கலைப் போட்டி 1957ல இருந்து நடக்குது, நாங்களும் வருஷா வருஷம் தமிழ் பத்யம்ங்கிற செய்யுள் சொல்லுற போட்டிக்கும் சங்ககானம்ங்கிற குழுப் பாட்டுக்கும் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறோம். ஆனா சங்ககானத்துல ஏழு பேருக்குத்தான் இடம். பாட ஆசைப்பட்டு சாயங்காலம் வந்து உக்காருறது முப்பத்திநாலு பேரு. அந்த ஏழு பேர தேர்ந்தெடுத்துட்டு மத்த பிள்ளைங்க முகத்த பாக்குறது எனக்கு ஒவ்வொரு வருஷமும் வேதனையா இருக்கும், அதான் இந்த வருஷம் முப்பத்திநாலு பேரும் மேடை ஏறுற மாதிரி ஒரு பாட்டு நாடகம் போடுவோம்னு ஆரம்பிச்சது.

கதைக்கு வெளிய எங்கயும் போகல. சிலப்பதிகாரத்துல வஞ்சிக் காண்டம் தொடங்குறதே குன்றக் குரவையிலதான். மதுரைய எரிச்சுட்டு வந்த கண்ணகி மலையில வேங்கை மரத்தடியில நிக்கிறா, பதினாலாவது நாள் கோவலன் வந்து வானத்துக்கு கூட்டிட்டுப் போறான், அத பாத்த மலைக்குறவங்க எல்லாம் கூடி, கைகோத்து குரவை ஆடுறாங்க. பரீட்சைக்குப் படிக்கிறப்ப இது எங்கயோ நடந்த கதை மாதிரி தோணும். ஆனா எங்க பிள்ளைங்க சித்ரா பௌர்ணமிக்கு குமுளியில இருந்து ஜீப்ல மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு போயிட்டு வந்தவங்க, வருஷத்துல அந்த ஒரு நாள்தான் காட்டுக்குள்ள விடுவாங்க, அந்தப் பக்கம் கூடலூர் பளியங்குடியில இருந்து ஜனங்க நடந்தே ஏறி வருவாங்க. "டீச்சர், அந்த மலைதான இது"ன்னு ஏழாங்கிளாஸ் பொண்ணு கேட்டுச்சு. அதுக்கப்புறம் வேற கதைய யோசிக்கல.

முதல் நன்றி ஆர்மோனியம் ஐயாவுக்கு. கம்பத்துல இருந்து வாரத்துல ரெண்டு நாள் பஸ் ஏறி, எழுபது வயசுக்கு மேல, மலைப்பாதையில பெட்டிய மடியில வச்சுக்கிட்டு வந்தாரு. வருஷக்கணக்கா வள்ளி திருமணத்துக்கு பின்பாட்டு பாடினவரு. நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில சின்னப் பசங்கள வச்சு நாடக சபா ஆரம்பிச்சத சொல்லிச் சொல்லித்தான் எங்க பிள்ளைங்கள உக்கார வச்சாரு, "உங்க வயசுப் பயலுகதாய்யா அன்னைக்கு ராத்திரி பூரா பாடுனாக"ன்னு. பொண்ணுங்க அஞ்சு கட்டை சுருதியில நல்லா பாடுதுங்க, பசங்களுக்கு அது எட்டல, ரொம்ப கீழ வந்தா பொண்ணுங்க குரலே கேக்கல. ஐயா நாலரைக்கு இறக்கி, மேல போற இடத்த எல்லாம் பொண்ணுங்களுக்கு மட்டும் பிரிச்சுக் குடுத்து, பசங்களுக்கு தாளத்தோட போற வரிய குடுத்தாரு. ஒன்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தனுக்கு குரல் உடையுற சமயம், ரெண்டு வாட்டி பாட்டு நடுவுல பிசிறடிச்சதும் இனி வரமாட்டேன்னு பின்னாடி போய் உக்காந்துட்டான். ஐயா அவன கூப்பிட்டு தோள்ல கைய போட்டு, "உனக்கு பாட்டு வேணாம், நீதான் சேர ராஜா செங்குட்டுவன், வசனத்த பேசு"ன்னாரு. சனிக்கிழமை அந்தப் பையன் பெரியாத்தங்கரையில நின்னு பேசினப்ப ஹால்ல ஒரு சத்தம் இல்ல. அவங்க அம்மா எனக்குப் பக்கத்துல நின்னுட்டு என் கைய பிடிச்ச பிடி இன்னும் நினைவிருக்கு.

இப்ப பறைக்கு வரேன், இத எழுதத்தான் முக்கியமா உக்காந்தேன். குரவைப் பாட்டுல இளங்கோவடிகள் தொண்டகப் பறை அடிங்க, சிறுபறை அடிங்க, கொம்பு ஊதுங்க, மணி அடிங்கன்னு சொல்றாரு. எங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு பழைய கீபோர்டு, ரெண்டு ஜால்ரா. வாடகைக்கு ஒரு இடத்துல விசாரிச்சோம், ஒரு நாளைக்கு அவங்க சொன்ன ரேட்டு நம்ம மொத்த பட்ஜெட்ட விட ஜாஸ்தி. பிராக்டிஸ்ல டெஸ்க்க தட்டிக்கிட்டே இருந்தோம். அப்ப எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் மெதுவா வந்து, "எங்க வீட்ல பறை இருக்கு டீச்சர், அப்பா அடிப்பாரு"ன்னான். சொல்லிட்டு தலைய குனிஞ்சுக்கிட்டான். ஏன் குனிஞ்சான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அன்னைக்கு சாயங்காலமே எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குப் போனேன். அவங்க அப்பா உடனே சம்மதிக்கல. "ஸ்கூல் மேடையில இது வேணாம் டீச்சர், நாளைக்கு எம்புள்ளய ஒரு சொல்லு சொல்லிருவாக"ன்னாரு. நான் புஸ்தகத்த எடுத்து அந்த வரிய வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாரு. அப்புறம் உள்ள போய் பரண்ல இருந்து இறக்கி, துணியில தொடச்சு, சின்னக் குச்சியும் பெரிய குச்சியும் எடுத்து மகன் கையில குடுத்து, "இப்படிப் பிடி"ன்னு விரல எடுத்து வச்சுக் காட்டினாரு. மறுநாள் அவரோட இன்னும் மூணு அண்ணன்மாரு வேலை முடிஞ்சு நேரா ஸ்கூலுக்கு வந்துட்டாங்க. அவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்? பத்து பிள்ளைங்க, அதுல நாலு பொண்ணுங்க, ரெண்டு மாசத்துல அடிக்கக் கத்துக்கிட்டாங்க.

சனிக்கிழமை என்ன ஆச்சுன்னு முன்னாடி உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியாது. மத்தியானத்துல இருந்து மழை, மேடை வரைக்கும் மஞ்சு, பனிமூட்டம், வந்து நிக்குது, பறைத்தோல் எல்லாம் தொய்ஞ்சு தொப்பு தொப்புன்னு சத்தம், ஆர்மோனியத்துலயும் அமுக்கின ரெண்டு கட்டை எழும்பல. ஐயா பெட்டிய தெறந்து உள்ள துடைச்சுக்கிட்டே இருக்காரு. அண்ணன்மாரு ஹாலுக்குப் பின்னாடி வெட்டிப்போட்ட தேயிலைக் கட்டைய வச்சு நெருப்பு மூட்ட, கொழுந்து கிள்ளுற அக்காமாரு நாலு பேரு பிளாஸ்டிக் ஷீட்ட நாலு மூலையிலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்க, ஒவ்வொரு பறையா காய்ச்சி, தட்டிப் பாத்து, மறுபடி காய்ச்சி. அக்காமாரு முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு, ஒருத்தரும் ஷீட்ட இறக்கல. கடைசிப் பறைய தட்டினதும் டண்ணுன்னு விழுந்துச்சு பாருங்க, அந்த சத்தம் கேட்டு வேஷத்தோட நின்ன பிள்ளைங்க எல்லாம் கைதட்டிருச்சுங்க.

வேங்கைப்பூவுக்காக மஞ்ச துணிய வெட்டி வெட்டி ராத்திரி லயத்துல உக்காந்து தைச்ச அம்மாமாருக்கு நன்றி. முப்பத்திநாலு உடுப்பையும் அளவெடுத்து தைச்சுக் குடுத்த மலையாளம் டீச்சர் சேச்சிக்கு நன்றி, அவங்களுக்கு தமிழ் வாசிக்க வராது, ஆனா ஒவ்வொரு பாட்டும் மனப்பாடம், மேடை ஓரத்துல நின்னு வரி எடுத்துக் குடுத்தது அவங்கதான். வேலைக்கு ஆள் கூப்பிடுற மஸ்டர் மணிய கழட்டிக் குடுத்த எஸ்டேட்காரங்களுக்கும், கொம்பு வாசிக்க வந்து காசே வாங்காத சேட்டனுக்கும், சம்பளத்தன்னைக்கு வீட்டுக்கு அம்பது ரூபாய்னு எடுத்து வச்ச எல்லா குடும்பத்துக்கும் நன்றி. முதல்ல தரேன்னு சொன்ன ஹால கடைசி வாரத்துல இல்லன்னுட்டாங்க, அப்ப கிளப் ஹால ஒரே போன்ல தெறந்து விட்ட பெற்றோர் ஆசிரியர் சங்கத் (பிடிஏ) தலைவருக்கு தனியா நன்றி. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த மஞ்சுல மூணு டிரிப் அடிச்சு ஒவ்வொரு பிள்ளையையும் லயத்து வாசல்ல இறக்கிட்டு, கதவு தெறக்குற வரைக்கும் லைட்ட போட்டுக்கிட்டு நின்ன ஜீப் அண்ணனுக்கும். கப்பைக் கிழங்கும் காந்தாரி மொளகா சம்மந்தித் தொகையலும் பால் விடாத கட்டஞ்சாயாவும் குடுத்தவங்களுக்கு பிள்ளைங்க சார்பா நன்றி, பெரிய குண்டான் ரெண்டு ஸ்டாஃப் ரூம்ல இருக்கு, யாரோடதுன்னு பாத்து எடுத்துக்கோங்க.

ஞாயித்துக்கிழமை ஹால கூட்டிட்டு சாமான எல்லாம் ஸ்கூலுக்கு கொண்டு வந்தோம். அந்த எட்டாங்கிளாஸ் பையனோட அப்பா பறைய துணியில சுத்தி ஸ்டாஃப் ரூம் சுவத்துல ஆணியில மாட்டினாரு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலையாண்ணேன்னு கேட்டேன். "திங்கக்கிழமை பிராக்டிஸ் இருக்குன்னு பய சொன்னானே டீச்சர்"னாரு.

இருக்கு. நாலு மணிக்கு. பிள்ளைங்கள அனுப்பி வைங்க.

உங்க தமிழ் டீச்சர்