பனிக்காலையில் எடுக்காத வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

மைனஸ் 30 டிகிரியில் இரவெல்லாம் வெளியே நின்ற கார் காலையில் எடுக்கவில்லை என்றும், பார்க்க வந்தவர் பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடச் சொன்னார் என்றும் நேற்று கனடாவின் வின்னிபெக்கிலிருந்து பேசியபோது சொன்னாய். தொலைபேசியில் பாதி சொல்லிப் பாதியை விட்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன். எதையும் மாற்றுவதற்கு முன், சாவியைத் திருப்பும்போது வண்டி என்ன ஓசை கொடுக்கிறது என்று நீ காது கொடுத்துக் கேட்க வேண்டும். கல்லிடைக்குறிச்சிப் பட்டறையில் இத்தனை ஆண்டுகளாக ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நான் செய்துவருவது அதுதான்.

'டக் டக் டக்' என்று வேகமாக அடித்தது என்றாய். எஞ்சினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் தலையில் இருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் மின்சாரம் கிடைத்ததும் இழுக்கிறது. மோட்டார் சுற்ற முயன்றவுடன் பேட்டரியின் வோல்டேஜ் விழுந்துவிடுவதால் விட்டுவிடுகிறது. உடனே மறுபடி இழுக்கிறது. இந்த இழுபறிதான் நீ கேட்ட ஓசை. இது பெரும்பாலும் பேட்டரி டவுன் ஆனதற்கோ, பேட்டரியில் வயர் சேரும் டெர்மினலில் பிடிப்பு இல்லாததற்கோ அடையாளம். செல்ஃப் மோட்டார் கெட்டதற்கு அன்று. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் நின்றால்தான் என் சந்தேகம் மோட்டாரின் மேல் போகும். ஆகவே ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரிப் பக்கம்தான் கோளாறு.

அதற்காகப் புதுப் பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடிவிடாதே. ஒரு மார்கழியில் ஊத்து எஸ்டேட்டுக்கு ஒரு ஜீப்பைப் பார்க்க மணிமுத்தாறு வழியாக மலையேறிப் போனேன். வண்டிக்காரர் அதற்குள் புதுப் பேட்டரி ஒன்றை வாங்கி, மேலே கொண்டுவந்து மாட்டியும் இருந்தார். வண்டி அப்போதும் முனகியதே தவிர எடுக்கவில்லை. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் எர்த் வயர், வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். வாஷருக்கு அடியில் நகக்கண் கனத்துக்குத் துரு. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்கினேன். அவருடைய பழைய பேட்டரியையே திரும்ப மாட்டி எடுத்தேன், முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. உன் காரிலும் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கையால் திருகினால் கிளாம்ப் அசைகிறதா என்று முதலில் பார். கையுறை போட்டுக்கொண்டு, நெகட்டிவ் வயரை முதலில் கழற்று. மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு.

நம் பக்கம் மாஞ்சோலைக் குளிர் பேட்டரிக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ஊர்க் குளிர் வேறு. பேட்டரிக்குள் நடக்கும் இரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடுவதால், மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். இப்படி இரு பக்கமும் இடி வாங்குவதால், கோடையில் குறை தெரியாமல் ஓடிய பேட்டரி பனியில் காலை வாரிவிடுகிறது. வேலைக்குப் பத்து நிமிடம்தான் ஓட்டுகிறாய், அதற்குள் ஹீட்டர், சீட் ஹீட்டர், விளக்கு எல்லாம் போடுகிறாய் என்றால், செலவான சார்ஜ் திரும்ப ஏறவே நேரமில்லை. என் கணிப்பு இதுதான்: உன் பேட்டரி கெடவில்லை, பட்டினி கிடக்கிறது. மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, வண்டி ஓடாமல் இரவெல்லாம் நின்ற பிறகு அளந்து பார். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டாவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்.

பக்கத்துக் காரின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுக்கும் முன் பேட்டரியின் பக்கவாட்டைப் பார்த்துவிடு, அம்மா. முழுச் சார்ஜில் இருப்பது மைனஸ் 50 வரைகூட உறையாது. சார்ஜ் இறங்கியது மைனஸ் 10 அளவிலேயே உறையத் தொடங்கும். பக்கம் உப்பியிருந்தால் வயரைக் கிட்டவே கொண்டுபோகாதே, வெடிக்கும். கடைசியாக மாட்டும் கறுப்பு வயர் முனையை உன் பேட்டரியில் மாட்டாமல், எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்டு.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. பெட்ரோல் அல்லது ஸ்பார்க். டாங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதே. காலி இடத்தில் ஈரம் தண்ணீராகி, லைனில் உறைந்து அடைக்கும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே. மோட்டார் ஆற ஓரிரு நிமிடம் விடு.

உன் காரின் முன்கிரில்லில் ஒரு பிளக் தொங்குகிறது, எதற்கென்று தெரியவில்லை என்று போன மாதம் கேட்டாயே, அது எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டருடையதாகத்தான் இருக்கும். இங்கே டீசல் அம்பாசிடருக்குக் காலையில் ஹீட்டர் போட்டுச் சற்றுப் பொறுத்து எடுப்போம். அது டீசல் எரியும் அறையை மட்டும் சூடாக்கும், உன்னுடையது எஞ்சினையே சூடாக்கும். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே மின்சாரத்தில் மாட்டிவை.

நாளைக் காலை சாவியைத் திருப்பும்போது, பானட்டைத் திறந்துவைத்து, கைப்பேசியைப் பேட்டரிப் பக்கம் வைத்து அந்த ஓசையைப் பதிவு செய்து, மீட்டரில் வந்த எண்ணோடு எனக்கு அனுப்பு. நான் கேட்டுச் சொல்லும்வரை எந்தப் பொருளுக்கும் பணம் கட்டாதே.

அன்புடன்,
அப்பா